வாசிக்க இயலாத எழுத்து: கே. சி. எஸ். பணிக்கரின் அருவ ஓவியம்

திருமலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. இன்று அவற்றைக் கடந்து செல்லும் அடியவர்களுள் மிகப் பலருக்கு அவை படிக்கத்தக்க ஆவணங்கள் அல்ல. கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்ட கோடுகள். படிக்கப்படாத நிலையிலும் எழுத்து பார்க்கப்படுகிறது. இந்த இயல்பையே தம் ஓவியத்தின் அடிப்படையாக்கிக் கொண்டவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977).

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். 1957இல் அதே நிறுவனத்தின் முதல்வரானார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவரும் அவரே. கேரளத்து நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டித் தொடங்கிய அவர், 1954இல் ஐரோப்பா சென்று அங்கு நிகழ்ந்த மாற்றங்களை நேரிற் கண்டார். அதன்பின் அவர் முன் நின்ற வினா ஒன்று: மேற்கின் நகலாகாத நவீன ஓவியம் இங்கு எதிலிருந்து பிறக்கும்?

1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை அதற்கான விடை. மாணவர் ஒருவரின் கணிதக் குறிப்பேட்டுப் பக்கமே அதற்குத் தூண்டுகோல். எண்களும் சமன்பாடுகளும் வரைபடங்களும் நிறைந்த அப்பக்கம், பொருளை விலக்கிப் பார்க்கும் கண்ணுக்கு ஓர் ஓவியமாகவே தோன்றியது. முதலிற் கணிதக் குறிகள் வந்தன. பின்னர்ச் சாதகக் கட்டங்களும், பறவை, மீன் முதலிய உருவங்களும், மலையாள எழுத்தின் சாயல் கொண்ட நெருக்கமான வரிகளும் சேர்ந்தன. அவ்வரிகளை மலையாளம் அறிந்தவராலும் படிக்க இயலாது.

எழுத்துக்கு வடிவம், ஒலி, பொருள் என மூன்று கூறுகள் உண்டெனக் கொண்டால், பணிக்கர் பின்னிரண்டையும் நீக்கினார். ஆயினும் வரியொழுங்கையும் இடைவெளியையும் அவர் நீக்கவில்லை. எனவே பார்வையாளர் படிக்கத் தொடங்கி, அது கைகூடாத இடத்திற் பார்க்கத் தொடங்குகிறார். இவ்வோவியங்களை ‘நவதாந்திரிகம்’ என வகைப்படுத்தி, ஒவ்வொரு குறிக்கும் மறைபொருள் தேடும் ஆய்வுகள் தவறவிடுவது இந்த நிகழ்வைத்தான். பொருள் ஒளிக்கப்படவில்லை, அகற்றப்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் சூடானின் இப்ராகிம் எல் சலாகி அரபு எழுத்துகளைச் சிதைத்து, அவற்றிலிருந்து ஓவிய உருவங்களைப் பிறப்பித்தார். காலனிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் ஓவியர்கள் தத்தம் எழுத்து மரபுகளை நோக்கித் திரும்பியது தற்செயலன்று. மேற்கத்திய நவீனத்துவம் தர இயலாத ஒரு கோட்டுமரபு, அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. ‘எழுது’ என்னும் வினை இரு மொழிகளிலும் வரைதலையும் குறிக்கும். தொய்யில் எழுதுதல், கண்ணெழுதுதல், ஓவியம் எழுதுதல் என்பன தமிழ் வழக்குகள். வண்ணப் பொடிகளால் தரையில் தெய்வ உருவம் வரைவதை மலையாளம் ‘களமெழுத்து’ என்கிறது. இவ்விரு செயல்களும் பிரிந்து நின்ற காலத்தில், பணிக்கரின் தூரிகை அவற்றை மீண்டும் ஒன்றாக்கியது. அருவ ஓவியம் நமக்கு அந்நியமானது என்று இன்றும் வகுப்பறைகளிற் கூறப்படுவதுண்டு. அக்கூற்றை மறுக்கும் சான்று, நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு வினைச்சொல்லிலேயே இருக்கிறது.