பட்டியாலாவிலிருந்து ஹிஸார் வரை: உதய் சந்த் என்ற மல்லர்

காமா பயில்வானைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றுதான் நான் வெளிக்கிட்டேன். எங்கட ஊரில் உடம்பு கொஞ்சம் திரண்ட பொடியனைக் கண்டால், 'பெரிய பயில்வான் வாறார்' என்று பெரியவர்கள் நக்கலடிப்பார்கள். அந்தச் சொல் பாரசீகத்துப் 'பஹ்லவான்'. குஸ்தி என்பதும் பாரசீகச் சொல்தான். வட இந்தியக் கோதாக்களில் மல்லர்கள் தங்கள் ஆசானை 'உஸ்தாத்' என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். ஆகவே இது நம்மவர்களின் கலை, இதன் வரலாறும் நம்மவர்களின் வரலாறு என்ற ஒரு மிதப்பு எனக்குள் இருந்தது. அந்த மிதப்போடு ஒரு பெயர்ப்பட்டியலும் போட்டு வைத்தேன். காமா, அவரது தம்பி இமாம் பக்ஷ், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பாக்கிஸ்தானுக்கு வெண்கலம் வென்ற முஹம்மது பஷீர் என்று அது நீண்டு போனது.

1970ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. மல்யுத்தத்தில் அன்று 10 எடைப்பிரிவுகள். அவற்றில் ஒன்றில் மட்டும் கனடாக்காரர் ஒருவர் தங்கம் வென்றார். மீதி 9 தங்கத்தில் 4 பாக்கிஸ்தானுக்கும் 5 இந்தியாவுக்கும் போயின. அந்த விழாவில் இரண்டு நாடுகளும் வேறெந்தப் போட்டியிலும் தங்கம் வெல்லவில்லை. என்னுடைய பட்டியலின் விதிப்படி நான் அந்த நாலு பேரை எழுதிக்கொண்டு ஐந்து பேரை விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த ஒன்பது பேரும் ஒரே மண்ணில், ஒரே பிடிகளைப் படித்த வழியில் வந்தவர்கள். 23 வருஷத்துக்கு முன்னர் ஒரு எல்லைக்கோடு நடுவே விழுந்தது, அவ்வளவுதான். விடுபட்ட ஐந்து பேரில் 68 கிலோ பிரிவில் வென்றவர் உதய் சந்த். அப்போது அவருக்கு வயது 35. அவர் ஒரு இராணுவ வீரர். அவரைத் தேடிப் போனதில் காமாவைப் பற்றிய கட்டுரை இப்படித் திசைமாறிவிட்டது.

ஆனாலும் காமாவை விட்டுத் தொடங்க முடியாது. குலாம் முஹம்மது பக்ஷ் என்ற காமா அரசர்களின் ஆதரவில் வளர்ந்தவர். முதலில் தாத்தியா சமஸ்தானம், பிறகு பட்டியாலா. 1910இல் லண்டனுக்குப் போய் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு மோதி வந்தார். 1928இல் அதே ஸ்பிஸ்கோவைப் பட்டியாலாவுக்கு அழைத்து, மகாராஜா பூபிந்தர் சிங் முன்னிலையில் ஒரு நிமிஷம் ஆகுமுன் மல்லாக்கப் போட்டார். அவர் நாளொன்றுக்குக் குடித்த பாலுக்கும் தின்ற பாதாமுக்கும் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குகளை நான் நம்புவதில்லை. ஆனால் பால், நெய், பாதாம் எல்லாம் யாரோ ஒருவரின் பணத்தில் வந்தாக வேண்டும் என்பது மட்டும் உண்மை. காலையிலும் மாலையிலும் கோதாவில் இறங்கும் ஒருவன் வயலில் வேலை செய்ய முடியாது. மல்லனுக்குப் பின்னால் ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அடுப்பு அரண்மனையில் எரிந்தது.

1947இல் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. காமா உட்பட முஸ்லிம் மல்லர்கள் மேற்கே போனார்கள். அதே காலத்தில் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு இணைந்து, அரண்மனை அடுப்புகளும் அணைந்தன. ஆள் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்றாகிவிட்டது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே வருகிறது; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் மன்னார்க் கரையில் பிறந்து, 1990 ஒக்டோபரில் குடும்பத்தோடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் வளர்ந்தவன். ஊரில் எங்களுக்குச் சிலம்படி சொல்லித் தந்த அண்ணாவியார் ஒருவர் இருந்தார். அவரும் எங்களோடு வந்தார். ஆனால் முகாமில் அவர் கம்பைத் தொடவேயில்லை. வாப்பா ஒருக்கா கேட்டதற்கு, "இந்த மண் காலுக்குச் சரிவராது தம்பி" என்றார். அந்தப் பதிலை அன்று நான் ஒரு சாட்டு என்றுதான் நினைத்தேன். லாகூரில் காமா கழித்த கடைசி ஆண்டுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணாவியார்தான் ஞாபகம் வருவார். காமா 1960 மே மாதம் லாகூரில் மௌத்தானார்.

இனி, விட்டுப்போன மண்ணில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு மல்யுத்த வெண்கலம் ஒன்று கிடைத்தது. வென்றவர் மராட்டியத்தைச் சேர்ந்த கே. டி. ஜாதவ். அவரை அனுப்ப அரசிடம் காசில்லை; அவர் படித்த கல்லூரியின் அதிபர் தன் வீட்டை அடகுவைத்துப் பணம் கொடுத்தார். அரண்மனை போய்விட்டது, அதன் இடத்துக்கு இன்னும் எதுவும் வரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த இடத்துக்கு வந்தது இராணுவ முகாம். 1958இல் கார்டிஃப் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் இந்தியா இரண்டு தங்கம் வென்றது. ஒன்று ஓட்டத்தில் மில்கா சிங். மற்றது பாரஎடை மல்யுத்தத்தில் லீலா ராம். இருவரும் படைவீரர்கள். படையில் சேர்ந்தவனுக்கு ரேஷன் உண்டு, சம்பளம் உண்டு, பின்னாளில் ஓய்வூதியமும் உண்டு. முப்படைகளும் சேர்ந்து ஒரு மாநிலத்தைப் போலவே தேசியப் போட்டிகளில் தனி அணியாக இறங்கும் வழக்கமும் இருந்தது. அரசர்களின் ஆதரவைப் பற்றிப் பலர் உருகி உருகி எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒருவரின் மனநிலையைப் பார்த்து அளக்காத அந்த ரேஷன்தான் மல்லனுக்கு நியாயமாக இருந்தது என்பேன்.

உதய் சந்த் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார். 1935 ஜூன் 25ஆம் திகதி, அன்றைய ஹிஸார் மாவட்டத்தில் ஜாண்ட்லி என்ற கிராமத்தில் பிறந்தவர். ஹிஸார் என்பது கோட்டை என்று பொருள்படும், அரபுவழி வந்த சொல். 1354இல் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் அமைத்த ஹிஸார்-இ-ஃபிரோஸாதான் இன்றைய ஹிஸார் நகரம். படைக்கு ஆள் எடுக்கும் பூமி அது. ஸ்கின்னரின் குதிரைப்படை 1803இல் எழுந்த ஹான்ஸி அதற்குப் பக்கத்து ஊர். ராங்கர்கள் என்ற முஸ்லிம் ராஜபுத்திரர்கள் அந்தப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போனவர்கள். 1947இல் அவர்களும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். அந்த ஊர்களிலிருந்து படைக்குப் போகிற வழக்கம் மட்டும் நிற்கவில்லை. உதய் சந்தும் இராணுவத்தில் சேர்ந்தார். 1958இல் இலகு எடைப் பிரிவில் தேசிய சம்பியன் ஆனார். 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போனார், பதக்கம் கிடைக்கவில்லை.

அங்கே அவர் பழக வேண்டியிருந்தது இன்னொரு ஆட்டத்தை. நம்மவர்கள் அறிந்த கோதா, எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து கிளறிய மண்குழி. அதில் எதிராளியின் இரண்டு தோளும் மண்ணில் பட்டால்தான் வெற்றி. அதுவரைக்கும் பிடி தொடரும். சர்வதேசப் போட்டியோ மெத்தை விரிப்பின்மேல் நடப்பது, மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது. அந்நாளைய விதிப்படி தோல்விக்கு மட்டுமல்ல, அரைகுறை வெற்றிக்கும் தண்டப்புள்ளி உண்டு. எதிராளியின் முதுகை நிலத்தில் அழுத்தி வென்றால் தண்டம் இல்லை. புள்ளிகளால் வென்றால் 1, சமநிலை என்றால் 2, புள்ளிகளால் தோற்றால் 3, முதுகு பட்டுத் தோற்றால் 4. ஆறு சேர்ந்தால் ஆள் வெளியே. ஒரு தடவை தோற்றவனும் தொடரலாம். பொறுமையாகச் சமநிலையிலேயே காலம் கடத்துகிறவன் மூன்றாம் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். மண்குழியில் பொறுமையே பெரிய குணம் என்று வளர்ந்த ஒருவனுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

1961 ஜூனில் யோகோஹாமாவில் உலக சம்பியன்ஷிப் நடந்தது. ஈரானியர்களின் காலம் அது. 8 எடைப்பிரிவில் 5 தங்கத்தை அவர்களே அள்ளினார்கள். தக்தியும் ஹபீபியும் அந்த அணியில் இருந்தார்கள். 67 கிலோவில் முஹம்மது அலி ஸனத்காரன் தங்கம் வென்றார். அதே பிரிவில் வெண்கலம் வென்றவர் உதய் சந்த். சுதந்திர இந்தியாவுக்கு மல்யுத்த உலக சம்பியன்ஷிப்பில் கிடைத்த முதல் பதக்கம் அது. அந்த வருஷம் தொடங்கப்பட்ட அர்ஜுனா விருதை மல்யுத்தத்துக்காக முதலில் பெற்றவரும் அவரே.

யோகோஹாமாவுக்கு ஒரு மாதம் முன்னர், 1961 மே 7ஆம் திகதி, பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்று தேசிய விளையாட்டு நிறுவனம் ஒன்றை இந்திய அரசு திறந்தது. அதற்குக் கிடைத்த கட்டடம் பட்டியாலா மகாராஜாவின் மோத்தி பாக் அரண்மனை. காமாவுக்குச் சோறு போட்ட அரச குடும்பத்தின் மாளிகை, காமா மௌத்தாகி ஒரு வருஷம்கூட நிறையுமுன், சம்பளத்துக்குப் பாடம் சொல்லித் தரும் பயிற்றுநர்களின் பள்ளிக்கூடமாகிவிட்டது. இந்தத் திகதிகளை முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் உதய் சந்துக்கு 70 கிலோவில் இரண்டு வெள்ளி. ஒன்று சுதந்திரப் பாணியில்; மற்றது கிரேக்க-ரோமன் பாணியில். இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கிரேக்க-ரோமன் பாணியில் இடுப்புக்குக் கீழே கையும் போடக்கூடாது, காலால் தட்டவும் கூடாது. மண்குழியில் வளர்ந்தவனின் வித்தையில் பாதி காலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போய் வெள்ளி எடுத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக். 1965 மான்செஸ்டர் உலக சம்பியன்ஷிப். 1966 பாங்கொக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1967இல் டெல்லியிலேயே நடந்த உலக சம்பியன்ஷிப். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஈரானின் அப்துல்லாஹ் முவஹ்ஹித் தங்கம் வென்ற 70 கிலோ பிரிவில் இவருக்கு ஆறாம் இடம். மூன்று ஒலிம்பிக் போய்ப் பதக்கம் இல்லாமல் திரும்பியவர் என்று இவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பத்து வருஷமும் அவர் ஈரானியரும் ஜப்பானியரும் சோவியத் நாட்டவரும் நிறைந்த எடைப்பிரிவுகளில்தான் நின்றார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு எடின்பரோ, 1970 ஜூலை. 57, 62, 90 கிலோவிலும் 100 கிலோவுக்கு மேலும் பாக்கிஸ்தான். 48, 52, 68, 74, 82 கிலோவில் இந்தியா. 1962இல் பேர்த் நகரில் இந்தியா கலந்துகொள்ளாத விழாவில் பாக்கிஸ்தான் மல்லர்கள் 7 தங்கம் வென்றிருந்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பங்காளிகளும் ஒரே விரிப்பில் நின்று காமாவின் சொத்தைப் பிரித்துக்கொண்டதுபோல இருக்கிறது அந்த முடிவுப் பட்டியல்.

அதே ஆண்டு உதய் சந்த் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஹிஸாருக்குத் திரும்பினார். ஹரியாணா விவசாயப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டுதான் தனிப் பல்கலைக்கழகமாகி இருந்தது. அங்கே மல்யுத்தப் பயிற்றுநராகச் சேர்ந்தவர், 1996 வரை 26 வருஷம் அங்கேயே இருந்தார். அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் யோகோஹாமாவுக்கு ஒரு பந்தி, எடின்பரோவுக்கு ஒரு பந்தி ஒதுக்கிவிட்டு, இந்த 26 வருஷத்தை அரை வரியில் தாண்டிப் போகின்றன. எனக்கோ இந்த அரை வரிதான் முக்கியமாகப் படுகிறது. காமாவின் காலத்தில் ஒரு கிராமத்துப் பொடியன் மேலே வர வேண்டுமென்றால் ஒரு உஸ்தாதின் கண்ணில் பட வேண்டும். அந்த உஸ்தாத் ஒரு அரசரின் கண்ணில் பட வேண்டும். உதய் சந்தின் காலத்தில் அவன் படைக்குப் போக வேண்டும். ஹிஸாரில் அதன் பிறகு மூன்றாவது வழி ஒன்று திறந்தது. மண்குழியில் வளர்ந்தவன் படிக்கிற இடத்திலேயே, மெத்தை விரிப்பையும் தண்டப்புள்ளியையும் தன் உடம்பால் அனுபவித்த ஒருவரிடம் பாடம் கேட்கலாம். விவசாயப் பிள்ளைகள் வந்து சேரும் ஒரு பல்கலைக்கழகத்தில் அது நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தேசிய மட்டத்தில் வென்ற மல்லர்கள் பலர் அவரிடம் பழகி வந்தவர்கள். இன்று இந்திய மல்யுத்தம் என்றாலே ஹரியாணா என்று உலகம் சொல்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் சாக்ஷி மாலிக் பிறக்குமுன்பே அங்கே ஒருவர் கால் நூற்றாண்டாகக் காலையும் மாலையும் விசில் ஊதிக்கொண்டு நின்றார் என்று சொல்ல முடியாது, ஏனெனில் சாக்ஷி பிறந்தபோதும் அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

எங்கட அண்ணாவியார் புத்தளத்தில் 2001ஆம் ஆண்டு மௌத்தானார். நான் ஊருக்குப் போய்ப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அவர் எங்களுக்குச் சிலம்படி சொல்லித் தந்த மணல்திடலில் யாரோ கயிறு கட்டி மீன் காயப்போட்டிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒருக்கா அந்த மண்ணில் நின்று பார்த்தேன். கால் கணுக்கால்வரை புதைந்தது. புத்தளத்து முகாமில் தரை இறுகிக் கிடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது சாட்டு இல்லை.