செங்கிப்பட்டியும் மனச்சோர்வு மாத்திரையும்

தஞ்சாவூர்ல இருந்து திருச்சி ரோட்டுல போனா செங்கிப்பட்டி வரும். அங்கே இருக்கிற காசநோய் ஆஸ்பத்திரியை டெல்டாவுல தெரியாதவங்க குறைவு. மனச்சோர்வு மாத்திரையோட கதையும் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியிலதான் தொடங்குது. ஊர் நியூயார்க், வருஷம் 1952.

சீ வியூ ஆஸ்பத்திரியில ஐசோனியாசிட், இப்ரோனியாசிட்னு ரெண்டு புது மருந்து கொடுத்தாங்க. தெம்பில்லாம படுத்துக் கிடந்தவங்களுக்குப் பசி எடுத்தது, முகத்துல சிரிப்பு வந்தது. இதுல ஐசோனியாசிட் சென்னைக்கும் வந்தது. 1956ல் இங்கே தொடங்கின ஆய்வு, காசநோயை வீட்டுல வெச்சே குணப்படுத்தலாம்னு காட்டுச்சு. இப்ரோனியாசிட் 1957ல் மனச்சோர்வு மருந்தாச்சு. கல்லீரலைக் கெடுத்ததால சீக்கிரமே ஒதுக்கிட்டாங்க.

அது மூளையோட ரசாயனத்தை மாத்துதுன்னு தெரிஞ்சதும் எல்லார் பார்வையும் மூளை மேலேயே நின்னுடுச்சு. முதன்முதலா மனசு தெளிஞ்சவங்க நுரையீரல் அழற்சியோட இருந்தவங்க! அந்த அழற்சி பக்கம் திரும்பவே பல வருஷம் ஆச்சு.

2013ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுல, வழக்கமான மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு உள்ள 60 பேர். சிலருக்கு இன்ஃபிளிக்சிமாப்ங்கிற அழற்சி மருந்து, மத்தவங்களுக்கு வெறும் மருந்து. மொத்தத்துல பலன் இல்லை. ஆனா சிஆர்பி, அதாவது அழற்சியைக் காட்டுற ரத்த அளவு, 5 மில்லிகிராமுக்கு மேல இருந்தவங்ககிட்ட மட்டும் கூடுதல் முன்னேற்றம் தெரிஞ்சது.

சில மனச்சோர்வு மாத்திரைகள் எடையை ஏத்தும். மூணு வேளையும் சோறு, வீட்டுல ஏற்கெனவே சுகர்னா இது சின்ன விஷயம் இல்லை. மனநல டாக்டர் சுகர், கொலஸ்ட்ரால் டெஸ்ட் எழுதினா சீட்டு மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க. எடை கூடுதேன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அவர்கிட்டயே சொல்லுங்க. வேற மாத்திரை இருக்கு.