பண்பாட்டிடைத் திறனும் வெளிநாட்டுக் கல்வியும்

வேறொரு பண்பாட்டில் வளர்ந்தவர்களோடு அவர்கள் மனம் கோணாமலும் தன் இயல்பை இழக்காமலும் பழகி, சேர்ந்து வேலை செய்யும் ஆற்றலைப் பண்பாட்டிடைத் திறன் என்பார்கள். ஓரிரு பருவம் அயல்நாட்டில் படித்தால் அது தானாகவே வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். மைக்கேல் வாண்டே பெர்க் குழுவினர் அமெரிக்க மாணவர்களிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. போன ஊரிலேயே உடனிருந்து, கண்டதையும் கேட்டதையும் விளங்கவைக்க ஒரு வழிகாட்டி வாய்த்த மாணவர்களிடம்தான் நல்ல வளர்ச்சி தெரிந்தது. அது இல்லாதவர்களில் பலர் போனபடியே திரும்பினார்கள்.

காவிரிப் படுகைக்கு இது பழைய செய்தி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அவர் வந்தது மதப்பணிக்கு, மாணவராக அல்ல. ஆனாலும் படித்த ஒருவர் அயலூரில் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கச் சம்மதித்ததுதான் இந்தத் திறனுக்கு முதல் படி.

மாணவராகவே வந்தவர்களில் முதன்மையானவர் ஜான் ஹிக்கின்ஸ். 1939-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த இவர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். அங்கே ராபர்ட் பிரவுன் இந்திய இசை கற்பித்துவந்தார். மிருதங்கக் கலைஞர் தஞ்சாவூர் ரங்கநாதனும் அங்கு வந்து சேர்ந்தார். அதனால் கர்நாடக இசையின் முதல் பாடங்கள் ஹிக்கின்ஸுக்கு ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கிடைத்துவிட்டன. இன்றைய திட்டங்கள் பல கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

1964-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. ரங்கநாதனின் தம்பி, புல்லாங்குழல் மேதை தஞ்சாவூர் விஸ்வநாதன் அவருக்குக் குருவானார். இந்தச் சகோதரர்களின் அக்காதான் நடனமேதை பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகளான மூவருக்கும் பூர்விகம் தஞ்சை அரசவை. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசை அந்த இளைஞருக்கு வாய்ப்பாடமாகக் கிடைத்தது. குருவின் எதிரே அமர்ந்து, அவர் பாடிய ஒரு வரியைச் சரியாக வரும்வரை திருப்பிப் பாடும் முறை அது. ராகத்தோடு தெலுங்கு, சமஸ்கிருதம், தமிழ் ஆகியவற்றின் உச்சரிப்பும் பிடிபட வேண்டும். எப்படி உட்கார்வது, எப்போது பேசாதிருப்பது, பெரியவர்முன் எப்படி நடப்பது என்பதும் அந்தப் பாடத்திலேயே அடக்கம்.

பயிற்சிக்குச் சோதனை திருவையாற்றில் வந்தது. காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி முன் நடக்கும் ஆராதனையில் ஹிக்கின்ஸ் பாடினார். வேற்று நாட்டவர் என்ற சலுகை எடுபடும் சபை அல்ல அது. கீர்த்தனைகளைக் கேட்டே வளர்ந்த காதுகள் அவை. அந்தச் சபை அவரை ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் அவரை ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தார்கள். தமிழர்கள் ஒரு வெளிநாட்டு மாணவருக்குக் கொடுத்த பட்டங்களில் இதைவிடப் பெரியது இருப்பதாகத் தோன்றவில்லை.

படித்து முடித்து ஊர் திரும்பியதோடு கதை நிற்கவில்லை. பரதநாட்டிய இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1971-இல் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். தான் குருவிடம் பெற்றதை அங்குள்ள மாணவர்களுக்குக் கொடுத்தார். அதற்குத் தோள்கொடுக்கக் காவிரிக்கரைக் கலைஞர் ஒருவரும் உடனிருந்தார்.

இன்று தஞ்சை வட்டாரக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். விசாவும் விமானச் சீட்டும் ஏற்பாடு செய்வதோடு அனுப்புகிறவர்களின் கடமை முடிந்துவிடாது. முன்கூட்டியே அந்நாட்டு மொழியில் பழக்கமும், போன இடத்தில் கேட்டுத் தெளிய ஓர் ஆசிரியரும், திரும்பிய பின் கற்றதைச் சொல்ல ஒரு வகுப்பறையும் அவர்களுக்கு வேண்டும்.

ஹிக்கின்ஸ் பின்னர் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1984 டிசம்பரில், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 45.