ஏட்டுச் சுரைக்காயா சட்டம்?



உழைக்கும் பெண்ணை உயர்த்தியது சட்டமா, சமுதாயமா என்பது தலைப்பு. சட்டமே என்பது என் கட்சி. எதிரணி அம்மா, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று ஒரு போடு போட்டார்கள். நீங்களும் நல்லாக் கைதட்டினீங்க. அம்மா, கறிக்கு உதவாது, சரி. வழக்குக்கு உதவுமே! கண்ணகி கையிலே சிலம்பு இல்லாமல் வெறும் வாயாலே கேட்டிருந்தால் பாண்டியன் காது கொடுத்திருப்பானா? உழைக்கிற பெண்ணின் கையிலிருக்கும் சிலம்புதான் சட்டம்.

அதியமான் தொண்டைமானிடம் யாரைத் தூது அனுப்பினான்? ஔவையை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அவன் கேட்கவில்லை. ஆனால் 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. அந்தப் பணியிலே பெண் கல்யாணம் செய்ய அனுமதி வாங்கணும். குடும்பப் பொறுப்பு இடையூறு என்று அரசு நினைத்தால் வேலையை விடணும். பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். அதற்குள்ளே அரசாங்கமே இறங்கி வந்து பதவி உயர்வு கொடுத்துவிட்டது! 1979-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு ஆணுக்கும்தானே இருக்கிறது என்று கேட்டார். அந்த அம்மா கையிலே இருந்த சிலம்பு, அரசியலமைப்புச் சட்டம்.

அடுத்தது சம்பளம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1950-லேயே அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அது வழிகாட்டும் நெறி. அதை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது. கால் நூற்றாண்டு காத்திருந்தோம். 1975, சர்வதேச மகளிர் ஆண்டு. சம ஊதிய அவசரச் சட்டம் வந்தது. 1976-இல் அது முழுச் சட்டமாயிற்று. அதில் ஓர் அழகு பாருங்க: சமமாக்குகிறேன் என்று ஆணின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது!

மும்பையிலே ஒரு கப்பல் கம்பெனி. சுருக்கெழுத்துப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். கேட்டால், "அவர்கள் தனி வகை" என்றது கம்பெனி. "வசதியில்லை" என்றும் சொல்லிப் பார்த்தது. 1987-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பேரைப் பார்க்காதே, வேலையைப் பார் என்றது.

நம்ம ஊருக்கு வாங்க. 1989-இல் தமிழக அரசு, அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. சமுதாயம் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் தாலுகா ஆபீஸ் நாற்காலியிலே இத்தனை பெண்களைப் பார்த்திருப்போமா?

"வயல்லே நிக்கிறவளுக்கு என்ன கிடைச்சுது?" என்று எதிரணி கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏர் ஓட்ட ஆண், நாற்று நடப் பெண் என்று வேலையையே பிரித்து வைத்துவிட்டோம். நடவு வரிசையிலே ஆணே இல்லை. யாரோடு ஒப்பிட்டுச் சமக் கூலி கேட்பாள்? சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றது. 1976 சட்டமோ, ஒரே வேலை அல்லது அதைப் போன்ற வேலை என்று சுருக்கிக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே வரியைத்தான் சொல்கிறது.

அதற்காகச் சட்டமே வீண் என்பதா? நாலு முழம் பத்தலைன்னா எட்டு முழம் கேட்கணும்; கட்டியிருக்கிறதையும் அவுத்துக் கொடுன்னா எப்படிங்க? 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம், பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள், இருபாலருக்கும் சமக் கூலி என்றது. ஏரிக்கரையிலே மண் சுமந்தவள், "அவருக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு" என்று தலைநிமிர்ந்து கேட்க முடிந்தது. நடவு வயலில் நிற்பவளுக்கும் அந்தச் சிலம்பைக் கொடுங்கள் என்பதே என் கட்சி.

சமுதாயம் மனம் வைத்துக் கொடுத்தால் அது சலுகை. சட்டம் கொடுத்தால் அது உரிமை. உழைக்கிறவள் கேட்பது சலுகையல்ல, உரிமை. ஆகவே நடுவர் அவர்களே, சட்டமே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.