அமெரிக்க அடிபந்தாட்டப் புகழ் மண்டபமும் நன்னடத்தை விதியும்

அமெரிக்க அடிபந்தாட்டப் புகழ் மண்டபம் என்பது, பேஸ்பால் என்று பரவலாக அறியப்படும் அடிபந்தாட்டத்தில் சிறந்து விளங்கியவர்களைச் சிறப்பிக்கும் நிறுவனமும் அருங்காட்சியகமும் ஆகும். இது நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அமைந்துள்ளது. முதல் தேர்தல் 1936 இல் நடந்தது. டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய ஐவர் அதில் தேர்வாயினர். மண்டபம் 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. தேர்வு பெறும் ஒவ்வொருவருக்கும் அங்கே உருவம் பொறித்த வெண்கலப் பலகை வைக்கப்படுகிறது.

இந்த ஆட்டத்தில் மிக அதிகமான ஹோம் ரன் அடித்தவருக்கும், மிக அதிகமான ஹிட் எடுத்தவருக்கும் அங்கே பலகை இல்லை. முதலாமவர் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டாலும், இரண்டாமவர் சூதாட்டத்தாலும் வெளியே நிற்கின்றனர். திறமைக்கு மட்டும் மரியாதையா, நடத்தைக்கும் சேர்த்தா என்ற விவாதம் இதனால் நீண்டுகொண்டே இருக்கிறது.

தேர்தல் முறை

குறைந்தது 10 பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் கடந்த வீரரே வேட்பாளராக முடியும். அமெரிக்க அடிபந்தாட்ட எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். ஒருவர் 10 பெயர்கள் வரை குறிக்கலாம். வெற்றிக்கு 75 விழுக்காடு வாக்குகள் தேவை. 5 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெறுபவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். மற்றவர்கள் 10 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். 2014 வரை இது 15 ஆண்டுகளாக இருந்தது. இவ்வழியில் தேர்வாகாதவர்களை 16 பேர் கொண்ட குழு பின்னர் பரிசீலிக்கலாம்.

விதியின் தோற்றம்

1940களின் நடுப்பகுதியில் தேர்தல் விதிகளில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. வீரரின் ஆட்டப் பதிவு, ஆட்டத்திறன், நேர்மை, விளையாட்டு மனப்பாங்கு, நன்னடத்தை, அணிக்கு ஆற்றிய பங்களிப்பு ஆகியவற்றைக் கருதி வாக்களிக்க வேண்டும் என்பதே அது. ஆறு அளவுகோல்களில் மூன்று நடத்தை பற்றியவை. ஆனால் நன்னடத்தை என்றால் என்ன என்று விதி வரையறுக்கவில்லை.

இவ்விதி ஆணையர் கெனசா மவுண்டன் லாண்டிஸின் காலத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. பணம் பெற்றுக்கொண்டு 1919 உலகத் தொடரில் தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிகாகோ வீரர்கள் 1921 இல் நீதிமன்றத்தில் விடுதலையானபோதும், எட்டுப் பேருக்கு வாழ்நாள் தடை விதித்தவர் அவர். அவர் பதவியிலிருந்த 1920 முதல் 1944 வரை முதன்மை லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. 1947 இல்தான் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்தார். லாண்டிஸோ, 1944 இல் இறந்த சில நாள்களிலேயே மண்டபத்துக்குத் தேர்வானார்.

ஸ்டீராய்டு காலம்

அனபாலிக் ஸ்டீராய்டு என்பது ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனை ஒத்த மருந்து. அது தசையை வளர்க்கும். கடும் பயிற்சிக்குப் பின் உடல் விரைவில் தேற உதவும். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் கேடு விளைவிக்கும்.

அமெரிக்கச் சட்டம் 1990 இல் இதைக் கட்டுப்படுத்தியது. 1991 இல் அடிபந்தாட்ட ஆணையர் ஒரு சுற்றறிக்கை வாயிலாக இதனைத் தடை செய்தார். ஆனால் சோதனை ஏதும் இல்லை. 1994 வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே கைவிடப்பட்டு, ரசிகர்கள் மனம் வெறுத்திருந்தனர். 1998 இல் மார்க் மெக்வையர் 70, சாமி சோசா 66 ஹோம் ரன்கள் அடித்து, 1961 முதல் நிலைத்திருந்த 61 என்ற சாதனையைக் கடந்தபோது அரங்குகள் மீண்டும் நிரம்பின. மெக்வையரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டெனிடையோன் என்ற மருந்துப் புட்டியை அந்த ஆண்டே ஒரு செய்தியாளர் கண்டார். அப்போது லீக் அதைத் தடை செய்திருக்கவில்லை. பேரி பாண்ட்ஸ் 2001 இல் 73 அடித்தார்.

2003 இல் பெயர் வெளியிடாத ஆய்வுச் சோதனையும், 2004 முதல் தண்டனையுடன் கூடிய சோதனையும் வந்தன. 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கை 89 வீரர்களைப் பெயர் குறிப்பிட்டது. அணி உரிமையாளர்கள், ஆணையர் அலுவலகம், வீரர் சங்கம் ஆகிய அனைவருக்கும் இதில் பொறுப்புண்டு என்றும் அது கூறியது.

வாக்கெடுப்பு முடிவுகள்

மெக்வையர் 2007 இல் வேட்பாளரானார். 2010 இல் மருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்ட அவர், ஒருமுறைகூட 25 விழுக்காட்டை எட்டவில்லை. சோதனையில் சிக்கிய ரஃபேல் பால்மெய்ரோ 2014 இல் பட்டியலிலிருந்தே விழுந்தார். 762 ஹோம் ரன்கள் அடித்த பாண்ட்ஸும், 354 வெற்றிகள் பெற்ற பந்து வீச்சாளர் ரோஜர் கிளெமன்ஸும் ஊக்கமருந்துக்காக லீக்கால் தண்டிக்கப்பட்டதில்லை. கிளெமன்ஸ் பொய்ச்சாட்சி வழக்கில் 2012 இல் விடுதலையானார். நீதிக்கு இடையூறு செய்ததாகப் பாண்ட்ஸுக்குக் கிடைத்த தீர்ப்பு 2015 இல் நீக்கப்பட்டது. எனினும் 2022 இல், கடைசி வாய்ப்பில், அவர்கள் முறையே 66.0, 65.2 விழுக்காடே பெற்றனர்.

இரு தரப்பு வாதங்கள்

மண்டப உறுப்பினரான ஜோ மார்கன் 2017 இல் வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதி, ஸ்டீராய்டு பயன்படுத்தியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இத்தரப்பின் வலுவான சான்று ஃபிரெட் மெக்கிரிஃப். ஐயத்துக்கு இடமின்றி 493 ஹோம் ரன்கள் அடித்த அவர், மருந்தால் பெருகிய எண்ணிக்கைகளுக்கு நடுவே சிறியவராகத் தெரிந்தார். எழுத்தாளர் வாக்கில் தேர்வாகவில்லை. 2022 டிசம்பரில் 16 பேர் குழு அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. ஏமாற்று என்பது யாருக்கும் தீங்கில்லாத குற்றமன்று. நேர்மையாக ஆடியவரின் இடத்தையே அது பறிக்கிறது என்பது இவர்கள் வாதம்.

மறுதரப்பு, விதி ஒரே சீராகப் பயன்படுத்தப்படவில்லை என்கிறது. விதிக்குப் புறம்பாகப் பந்தில் வழுவழுப்பான பொருள்களைத் தடவி வீசியதைத் தன்வரலாற்றிலேயே ஒப்புக்கொண்ட கேலார்ட் பெர்ரி 1991 இல் தேர்வானார். 2003 ஆய்வுச் சோதனை தொடர்பாகச் செய்தித்தாளில் பெயர் வந்த டேவிட் ஓர்டிஸ், பாண்ட்ஸ் தோற்ற அதே 2022 தேர்தலில் வென்றார். அந்தப் பழைய சோதனையை நம்பத் தகாது என லீக் ஆணையர் கூறியது அவருக்குத் துணை நின்றது. ஸ்டீராய்டு காலம் முழுவதும் ஆணையராக இருந்த பட் செலிக்கும் 2017 இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

சூதாட்டத் தடையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 4,256 ஹிட்கள் எடுத்த பீட் ரோஸ், தம் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1989 இல் தடை செய்யப்பட்டார். அந்த விதியும் தண்டனையும் ஒவ்வொரு வீரருக்கும் முன்பே தெரிந்தவை. ஊக்கமருந்திலோ, லீக் காலத்தில் செய்யாத கண்காணிப்பை, பிற்காலத்தில் நன்னடத்தை என்ற ஒரு சொல்லைக் கொண்டு எழுத்தாளர்கள் செய்ய வேண்டியதாயிற்று. இவ்விவாதத்தின் வேர் இதுவே.

இன்றைய நிலை

ஹாங்க் ஆரனின் 755 என்ற சாதனையைப் பாண்ட்ஸ் 2007 இல் கடந்தார். அந்த 756 ஆவது பந்தை ஏலத்தில் வாங்கிய ஆடை வடிவமைப்பாளர், பொதுமக்களின் இணைய வாக்குப்படி அதில் ஐயத்தைக் குறிக்கும் நட்சத்திரக் குறியைப் பொறித்து மண்டபத்துக்கு அளித்தார். பந்து சேகரிப்பில் இடம்பெற்றது, அடித்தவருக்கு இடமில்லை. வரலாற்றைக் காப்பதும் மனிதரை வணங்குவதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ரோஸ் 2024 இல் காலமானார். இறந்தவர்களுக்குத் தடை தொடராது என 2025 மே மாதம் லீக் அறிவித்ததால், அவருடைய பெயர் இனிக் குழுவின் பரிசீலனைக்கு வரக்கூடும். 2025 டிசம்பரில் கூடிய குழு ஜெஃப் கென்ட்டைத் தேர்ந்தெடுத்தது. பாண்ட்ஸும் கிளெமன்ஸும் இம்முறையும் தேர்வாகவில்லை.