பாஸ்பரஸ் தாடை நோய்

பாஸ்பரஸ் தாடை நோய் என்பது வெண்பாஸ்பரஸின் ஆவியை நெடுங்காலம் சுவாசித்தவர்களுக்குத் தாடை எலும்பு இறந்து அழுகும் தொழில்சார் நோயாகும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, இது மிகுந்து காணப்பட்டது.

நோயின் போக்கு

இந்நோய் பல்வலியாகத் தொடங்கும். பின்னர் ஈறு வீங்கிச் சீழ் கட்டும், பற்கள் ஆடி விழும். பல் விழுந்த குழி ஆறாது. அதன் வழியே இறந்த எலும்பு வெளித்தெரியும். சீழின் நாற்றத்தால் நோயாளியின் அருகில் இருப்பதே கடினம் என்று அக்கால மருத்துவர்கள் எழுதியுள்ளனர். கீழ்த்தாடையே பெரிதும் தாக்கப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லிகள் இல்லாத அக்காலத்தில் தாடையை வெட்டி அகற்றுவதே மருத்துவமாக இருந்தது.

வரலாறு

வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845 இல் இந்நோயை விவரித்தார். இலண்டனின் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையில் 1888 சூலையில் ஏறத்தாழ 1,400 பேர், பெரும்பாலும் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் நிலையைக் கட்டுரையாக எழுதி வெளிக்கொணர்ந்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவராக விளங்கியவரும் இவரே. வேலைநிறுத்தத்தின் பயனாக, உணவில் பாஸ்பரஸ் கலவாதிருக்கத் தனி உணவறை அமைக்க ஆலை இசைந்தது. எனினும் 1898 இல், 17 நோயாளிகளைப் பற்றி அரசுக்கு அறிவிக்காமல் மறைத்ததற்காக அதே நிறுவனம் தண்டம் கட்டியது.

சொத்தைப் பல்லின் வழியே நஞ்சு எலும்பை அடைவதாக அன்று நம்பப்பட்டது. எனவே 1899 இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கையைத் தயாரித்த மூவருள் கன்னிங்காம் என்னும் பல் மருத்துவரும் ஒருவர். 1906 ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்தது. இந்தியாவில் இதற்கான சட்டம் 1913 இல் இயற்றப்பட்டது.

சிவகாசி

தீப்பெட்டித் தொழிலின் நோய் என்பதால் சிவகாசியிலும் இது பரவியிருக்கும் என எண்ணத் தோன்றும். ஆண்டுகளை ஒப்பிட்டால் அவ்வாறு இல்லை என்பது விளங்கும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியது 1920களின் தொடக்கத்தில். சட்டம் வந்து ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின்னர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் வளர்ந்த காப்புத் தீப்பெட்டியில் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டுப் பூச்சில் செம்பாஸ்பரசும் உள்ளன. செம்பாஸ்பரஸ் எளிதில் ஆவியாவதில்லை. தாடை நோயையும் உண்டாக்குவதில்லை.

ஆனால் இவ்விரு பொருள்களும் ஒன்றாகக் கலந்தால் சிறு உராய்வே வெடிக்கப் போதும். இவ்வட்டாரத் தொழிலாளரின் பெருங்கேடு தீயும் வெடிப்புமே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாடை நோயை ஒழித்தது போல ஒரு வேதிப்பொருளை மட்டும் தடை செய்து இதனைத் தீர்த்துவிட முடியாது.

இன்றைய நிலை

2003 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்க்ஸ், இதையொத்த எலும்பழிவைப் பிஸ்பாஸ்போனேட் மருந்து பெற்றவர்களிடம் கண்டு எழுதினார். எலும்புத் தேய்வுக்கும் எலும்பிற்குப் பரவிய புற்றுநோய்க்கும் இம்மருந்துகள் தரப்படுகின்றன. வெண்பாஸ்பரசும் உடலுக்குள் இதையொத்த சேர்மங்களாக மாறியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

இங்கு ஈறு நோய் வல்லுநரின் பணி முதன்மை பெறுகிறது. இந்தியாவில் ஐந்தாண்டு பல் மருத்துவ இளநிலைப் படிப்பிற்குப் பின் மூன்றாண்டு முதுநிலை பயின்றோர் இவ்வல்லுநராவர். மருந்து தொடங்குமுன் ஈறுகளின் அழற்சியைத் தணித்துக் காப்பாற்ற இயலாத பற்களை அகற்றிவிட்டால் ஆபத்து குறைகிறது. மருந்து தொடங்கிய பின்னர் பல் பிடுங்க நேர்ந்தால் குழி ஆறாமற் போகக்கூடும். ஆகையால் இம்மருந்துகளை உட்கொள்வோர் அதனைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.