பகடையில் பிறந்த பிரபுக்கள்

1977-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரிலிருந்து, கறுப்பு அட்டை போட்ட மூன்று சிறு புத்தகங்கள் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வந்தன. 'டிராவலர்' என்று பெயர். எழுதியவர் மார்க் மில்லர். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் நடுவராக இருந்து சூழலைச் சொல்ல, முடிவு தெரியாத இடங்களில் பகடையை உருட்டிப் பார்த்து, யாரும் முன்கூட்டி எழுதாத ஒரு கதையைப் பேசிப் பேசியே நடத்திச் செல்கிற விளையாட்டு. இடம் விண்வெளி, காலம் தூரத்து எதிர்காலம்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். ஒரு நாவலாசிரியன் சமூகத்தை எப்படிப் பார்க்கிறான் என்பதை நாம் வரிகளுக்கிடையே தேட வேண்டியிருக்கிறது. விளையாட்டின் ஆசிரியன் அதை அட்டவணையாகவே போட்டுக் கொடுத்துவிடுகிறான். எதற்கு எண் உண்டு, எதற்கு இல்லை என்று பார்த்தால் போதும்.

டிராவலரில் ஒரு பாத்திரம் ஆறு எண்களாகப் பிறக்கிறது. பலம், லாகவம், தாங்கும் திறன், புத்தி, படிப்பு. ஆறாவது சமூக அந்தஸ்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை. உடல் பலமும் பிறப்பும் ஒரே தராசில். இரண்டு பகடை விழக்கூடிய 36 வகைகளில் 3-ல் 11 அல்லது 12 வரும். அப்படி விழுந்தவர் பரம்பரைப் பட்டம் சூட்டிக்கொள்ளலாம். 11 என்றால் நைட், 12 என்றால் பேரன். டியூக்கின் எண் 15. பகடை மட்டும் யாரையும் அங்கே ஏற்றிவிடாது.

விண்வெளிக் கப்பல் காலத்தில் பிரபுக்கள் எதற்கு? இதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறார்கள். இந்த உலகில் செய்தி கப்பலைவிட வேகமாகப் போக முடியாது; கப்பலின் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வாரம் ஆகும். தந்தியில்லாத பேரரசு. தலைநகரிலிருந்து ஆணை வந்து சேர்வதற்குள் எல்லையில் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே சக்கரவர்த்தி தன் அதிகாரத்தை மனிதர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். அவர்கள் விசுவாசத்துக்குப் பரம்பரை பிணை. நிலமானிய முறைக்குப் பௌதிகத்திலிருந்து நியாயம் சொல்லும் இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆண், பெண் என்று வரும்போது இந்த விதிகள் சொல்வது சொற்பம். பாத்திரம் எந்த இனமாகவும் எந்தப் பாலாகவும் இருக்கலாம், விதிகள் எதையும் வற்புறுத்தவில்லை என்று ஒரு குறிப்பு. எண்களில் வித்தியாசமில்லை. அந்த ஆண்டுகளில் இது சாதாரண விஷயமில்லை. 1976-ல் 'தி டிராகன்' மூன்றாம் இதழில் லென் லகோஃப்கா பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகள் எழுதினார்; ஆளுமைக் கவர்ச்சி இருந்த இடத்தில் பெண்ணுக்கு அழகு. 1978-ல் வந்த 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டக்காரர் கையேடு, பெண்ணின் பலத்துக்கு ஆணைவிடக் குறைவான உச்சவரம்பு வைத்தது. டிராவலரின் மௌனம் இவற்றைவிடக் கௌரவமானது. அதன் மூன்றாம் இம்பீரியத்தின் வரலாற்றில், உள்நாட்டுப் போரை முடித்துவைத்து அரியணை ஏறுகிறவள் அர்பெல்லாட்ரா என்ற பெண் கடற்படைத் தலைவி.

இருந்தாலும் அந்த மௌனத்தை நான் நம்பவில்லை. பாத்திரம் 18 வயதில் பணியில் சேர்கிறது. நான்கு நான்கு ஆண்டுகளாகச் சேவை. 34-ல் மூப்புக்கான பகடை தொடங்குகிறது. ஆட்டம் தொடங்குமுன்பே செத்துப்போகவும் கூடும். விலகும்போது கிடைப்பவை பணம், கப்பல் பயணச்சீட்டு, கத்தி, துப்பாக்கி. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கப்பல். துணை இல்லை, குழந்தை இல்லை, பெற்றோரும் இல்லை. வங்கியில் நான் தினம் வாங்கி வைக்கிற கடன் விண்ணப்பம்கூட, மணமானவரா, உங்களை நம்பி எத்தனை பேர் என்று கேட்கிறது. கோள்களுக்கும் இதே கதிதான். காற்று, நீர், மக்கள்தொகை, அரசு, சட்டத்தின் கடுமை எல்லாவற்றுக்கும் எண். அரசில் மட்டும் பதினான்கு வகை. குடும்பத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. பட்டம் மட்டும் பரம்பரை! வம்சாவளி உண்டு, வம்சம் உண்டாகிற வீடு இல்லை. இங்கே பெண் சமமாக இருக்கிறாள் என்றால், ஓய்வுபெற்ற சிப்பாய் என்ற ஒரே அச்சில் அவளையும் வார்த்துவிட்டதால்தான். லெ குவின் 'இருளின் இடது கை' நாவலில் பால் நிலையற்ற மனிதர்களை வைத்து அரசையும் உறவையும் யோசித்தது 1969-லேயே.

வீட்டை எழுதியவரும் இருந்தார். எம்.ஏ.ஆர். பார்க்கர், மொழியியலாளர், உருதுப் பாடநூல் எழுதியவர். 1975-ல் வந்த அவருடைய 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' விளையாட்டின் டெக்கூமெல் என்ற கோளில், விண்வெளி வழியே குடியேறிய மனிதர்கள் அந்த வரலாற்றை மறந்து குலங்களாக வாழ்கிறார்கள். அங்கே ஒரு பெண் தன்னை 'அரிதானி' என்று அறிவித்துக்கொள்ளலாம். அதன்பின் சட்டத்தின்முன் ஆணுக்கு நிகர்; குலப்பெண்ணுக்குரிய பாதுகாப்பு போய்விடும். ஆண் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. சுதந்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவள் யார் என்று இந்த விதி நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. 1991-ல் பார்க்கர் புனைபெயரில் ஒரு நாஜி ஆதரவு நாவல் வெளியிட்டதை, அவர் படைப்புகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2022-ல் ஒப்புக்கொண்டது. அது தெரிந்த பிறகு, அவருடைய அடுக்கடுக்கான குலங்களின் நேர்த்தியை வெறும் மானிடவியல் ரசனையாக என்னால் பார்க்க முடியவில்லை.

டிராவலர் தள்ளிவைத்த கேள்வி 1984-ல் பிடரி மயிருடன் திரும்பி வந்தது. வேற்றுயிர்களைப் பற்றிய வரிசையில் முதல் புத்தகம், மேலோட்டமாகச் சிங்கச் சாயல் கொண்ட அஸ்லான் இனத்தைப் பற்றியது. ஆண்கள் நிலம் வைத்திருப்பார்கள், சண்டை போடுவார்கள். வியாபாரம், பொறியியல், நிர்வாகம், பணம் பெண்களுடையவை. பணம் என்றாலே ஆணுக்குப் புரியாது. தொழிலே பால் என்றாகிவிட்ட சமூகம். அந்தக் கணக்குப்படி பேரேட்டைக் கட்டி அழுகிற நான் அவர்கள் சபையில் பெண்ணாகத்தான் உட்கார வேண்டும். திருமணம், சீதனம், குலம் என்று மனிதர்களுக்கு எழுதாததையெல்லாம் இவர்களுக்கு விரிவாக எழுதியிருக்கிறார்கள். மூத்தவனுக்கு நிலம் போய்விடுவதால் நிலமற்ற இளைய மகன்கள் கப்பலேறி அடுத்தவன் கோளைப் பிடிக்கப் புறப்படுகிறார்கள். இவர்களுக்கு 'இஹாத்தெய்' என்று பெயர். ஒரு படையெடுப்பின் காரணம் வாரிசு முறையில் இருக்கிறது என்று இந்த விளையாட்டு சொல்லும் இடம் இது. பதினான்கு அரசு வகைகளில் எதுவும் இதைச் சொல்லவில்லை. மனிதனைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டதைச் சிங்கத்திடம் கேட்டுவிட்டார்கள். ஆனால் இவையெல்லாம் அவர்கள் இயல்பு என்று பொதியும் புத்தகம், ஏற்பாடாக இருக்கலாமோ என்று ஒரு வரி யோசிப்பதில்லை. அந்த இளைய மகன்களின் கப்பலிலும் கணக்கு எழுதுவதும் எந்திரம் பார்ப்பதும் பெண்கள் வேலை. கோள் கைக்கு வந்தால் பட்டா ஆண் பெயரில்.